பத்துக்கு எட்டு அடியில் ஒரு வள்ளல்

ஊரடங்குக்கு முன்னால் என் கடையில் கடைசியாக அச்சான பேனர் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்கானது. பெண்ணின் தாய்மாமன்கள் நான்கு பேரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார்கள். விழா நடக்கவில்லை. பேனரை வாங்கவும் யாரும் வரவில்லை. மாதக்கணக்கில் அந்த நான்கு மாமன்களும் கடைச் சுவரில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வாடிக்கையாளர் யாரும் இல்லாததால் நானும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் ரோட்டை ஒட்டி இருக்கிறது என்னுடைய பிளக்ஸ் கடை. ஒரு பெரிய மெஷின், ஒரு கம்ப்யூட்டர், நான். புதுச்சேரியில் மனிதர்கள் பிறப்பது, காது குத்திக்கொள்வது, வயதுக்கு வருவது, கல்யாணம் கட்டுவது, கட்சி மாறுவது, கடைசியில் செத்துப்போவது எல்லாமே பிளக்ஸில்தான் நடக்கும். ரோட்டில் பேனர் வைக்கக் கூடாது என்று அதிகாரிகள் கண்டிப்புக் காட்டிய நாட்களில், அந்தக் கண்டிப்பைப் பாராட்டிப் பேனர் அடிக்க ஒருவர் என்னிடம் வந்திருக்கிறார். அப்படிப்பட்ட ஊரில் இந்தத் தொழில் படுக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. படுத்துவிட்டது. கண்ணீர் அஞ்சலி கூட நின்றுபோனது. சாவுக்கு இத்தனை பேருக்கு மேல் கூடக் கூடாது என்று சொன்னதும், அந்தக் கொஞ்சம் பேர் பார்ப்பதற்கு எதற்குப் பேனர் என்று குடும்பங்கள் யோசிக்க ஆரம்பித்துவிட்டன.

அந்த நிலைமையில்தான் ரமலான் வந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களில் வசதி உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை, கையிருப்பில் நாற்பதில் ஒரு பங்கை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். அது ஜகாத். கடமை. அதற்கு மேல் மனசுக்குத் தோன்றிக் கொடுப்பது சதக்கா. எந்த மாதத்தில் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் ரமலானில் கொடுத்தால் நன்மை பல மடங்கு என்பதால் எல்லோரும் அந்த மாதத்துக்காகக் காத்திருப்பார்கள். அதனால் எங்கள் தெரு ஏழைகள் பதினோரு மாதம் சாப்பாட்டுக்குத் தவித்துவிட்டு, பகலெல்லாம் சாப்பிடக் கூடாத மாதத்தில் மூட்டை மூட்டையாக அரிசி வாங்குவார்கள்.

நல்ல வருஷங்களில் நானும் கொடுத்தவன்தான். என் பங்கு போய்ச் சேர்ந்தது, எங்கள் தெருமுனையில் இடியாப்பம் விற்கும் ஓர் அக்காவுக்கு. புருஷன் இறந்தவர். தனியாக மாவு பிசைந்து, தனியாகப் பிழிந்து, தனியாக விற்பவர். நான் வெறுங்கவரை நீட்டிவிட்டு வருகிற ஆள் இல்லை. கூடவே புத்திமதியும் கொடுப்பேன். "மாவை இன்னும் நைசா சலிங்கக்கா. கடனுக்குக் குடுக்காதீங்க. இந்தப் பணத்தை வீணாக்காதீங்க." அக்கா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, "சரி தம்பி" என்பார். பணம் சீக்கிரம் தீர்ந்துவிடும், புத்திமதி காலத்துக்கும் நிற்கும் என்று நான் நம்பினேன். அக்கா மாவைச் சலித்த விதத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

ரமலான் பிறந்ததும் என் கடைக்கு மறுபடி ஆட்கள் வந்தார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே வேலை பார்த்தேன். வந்தவர்கள் எல்லோரும் நிவாரணம் கொடுக்கிறவர்கள். எங்கள் ஜமாத்துக்காரர்கள் மட்டும் இல்லை, கட்சிக்காரர்கள், நடிகர் மன்றத்துக்காரர்கள், நகர்நலச் சங்கங்கள், வட்டிக்குக் கொடுப்பவர்கள், எல்லோரும். அரிசி வாங்குவதற்கு முன்னால் பேனருக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். கருணையான முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் நான் தேர்ந்துபோனேன். பல் தெரியச் சிரித்தால் கஷ்ட காலத்தில் இவருக்கு என்ன கொண்டாட்டம் என்று தோன்றும். சிரிக்காவிட்டால் மனசில்லாமல் கொடுப்பது போலத் தோன்றும். உதடு மட்டும் விரிய வேண்டும், கண் கொஞ்சம் கலங்கினாற்போல இருக்க வேண்டும். கண்ணில் வெள்ளைப் புள்ளி ஒன்று வைத்தால் கலங்கினாற்போல ஆகிவிடும். அந்த மாதம் எத்தனையோ பேர் கண்ணில் நான் ஈரம் வைத்தேன்.

ஆனால் கையில் காசு வரவில்லை. எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "தர்ம காரியம் பாய், பாத்துப் போடுங்க." பார்த்துப் போட்டேன். அச்சு மைக்கும் பிளக்ஸ் துணிக்குமே சரியாகப் போனது. ஊரில் நிவாரணம் கொடுத்த அத்தனை பேருக்கும் நிவாரணம் கொடுத்த ஒரே ஆள் நான்தான்.

வீட்டில் அரிசிப் பானையை மனைவி குனிந்து அள்ளிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளில் சாய்த்து அள்ளினாள். இரண்டு பெண் பிள்ளைகளும் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்து, இருக்கிறதைச் சாப்பிட்டு, ஒன்றும் கேட்காமல் நோன்பு வைத்தார்கள். அவர்கள் கேட்காததுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஒரு நாள் நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது மனைவி சொன்னாள்:

"என்னங்க, மதரஸாவுல லிஸ்ட் எழுதறாங்களாம். நம்ம பேரைக் குடுத்துட்டு வந்துடுங்களேன்."

"நம்ம பேரா? நாம குடுக்கற கை. நாம போயி எப்படி?"

"கை இருக்கு. அதுல என்ன இருக்குன்னு சொல்லுங்க."

நான் கஞ்சியில் கவனமாக இருந்தேன்.

"போன வருசம் குடுத்தீங்க. இந்த வருசம் வாங்கறீங்க. இதுல என்ன கௌரவம் போச்சு?"

"தெருவுல எல்லாரும் பாப்பாங்க."

"குடுக்கும்போது மட்டும் பாக்கணும், வாங்கும்போது பாக்கக் கூடாது. அப்படித்தான?"

அவள் பத்தாவதுதான் படித்தவள். ஆனால் பேச்சில் அவளை மடக்க முடியாது என்பதை நிக்காஹ் முடிந்த வாரமே தெரிந்துகொண்டேன். பேர் கொடுக்க முடியாது என்று மட்டும் சொல்லி எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலை கடைக்கு ஒருவர் வந்தார். எங்கள் ஜமாத்தைச் சேர்ந்தவர்தான். பிரான்சில் பல வருஷம் வேலை பார்த்து, அந்த ஊர்க் குடியுரிமை வாங்கி, பென்ஷனும் வாங்குகிறவர். கருவடிக்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டு பாதி வருஷம் இங்கே, பாதி வருஷம் அங்கே என்று இருப்பார். அந்தத் தடவை விமானம் நின்றுபோய் இங்கேயே மாட்டிக்கொண்டார். தெருவில் பிரான்ஸ் பாய் என்றால்தான் தெரியும். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டையும், கழுத்தில் ஒரு மெல்லிய துண்டும் போட்டிருந்தார்.

"பொன்ழூர் தம்பி. ஒரு பேனர் வேணும். மதரஸாவுல நூறு குடும்பத்துக்கு ஜகாத் சாமான் குடுக்கறேன்."

"நல்லது பாய். என்ன சைசு?"

"பத்துக்கு எட்டு. ஆனா என் படம் சின்னதா இருக்கட்டும். மார்க்கத்துல விளம்பரம் கூடாது பாருங்க."

"எவ்ளோ சின்னதா பாய்?"

"ஒரு ஆறு அடி."

ஆறு அடியில் போட்டேன். வள்ளல் என்ற சொல் பெருமையாகத் தெரியும் என்று வேண்டாம் என்றார். பிறகு அது இல்லாத இடம் வெறிச்சென்று இருப்பதாகச் சொல்லி மறுபடி போடச் சொன்னார். தமிழில் எழுதியதன் கீழே பிரெஞ்சிலும் ஒரு வரி வேண்டும் என்றார். அதில் ஓர் எழுத்தின் தலையில் சாய்ந்த கோடு ஒன்று வரவேண்டும். அந்தக் கோடு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதற்கு அரை மணி நேரம் ஆனது. பேனரைப் பார்க்கப்போகும் நூறு குடும்பத்தில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது.

"இங்க ஒரு ஏழை படம் வைங்க. நான் குடுக்கற மாதிரி, அவரு வாங்கற மாதிரி" என்றார்.

கம்ப்யூட்டரில் இருந்த ஏழைகளை ஒவ்வொருவராகக் காட்டினேன். ஒருவரை, "இவரு நம்ம ஊரு ஏழை இல்ல, எந்த நாட்டுக்காரரோ" என்று தள்ளினார். இன்னொருவரை, "மெ நோன், இவரு என்னைவிட லட்சணமா இருக்காரே" என்று தள்ளினார். ஒரு கிழவியை ரொம்பவும் அழுகிறாள் என்று வேண்டாம் என்றார். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நீங்களே நில்லுங்களேன்."

"நானா?"

"மூஞ்சி வேணாம். கை மட்டும் போதும். கையில மை ஒட்டி, உழைக்கற கையா இருக்கு."

நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவர் செல்போனைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல இறக்கினேன். "இன்னும் கொஞ்சம் கீழ. இன்னும். வாங்கற கை கீழ இருந்தாத்தான் பாக்க நல்லா இருக்கும். விரலை லேசா மடக்குங்க. வுவாலா!"

பத்து நிமிஷம் அப்படி நின்றேன். எதிரே சுவரில் நான்கு மாமன்களும் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை அந்தக் கோணத்தில் வைத்துக்கொண்டு நிற்கும்போது வாய் தானாக எதையாவது கேட்டுவிடும் போலிருந்தது. நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தள்ளுபடி கேட்காமல் சொன்ன பணத்தைக் கொடுத்த ஒரே ஆள் அவர்தான். "மெர்சி" என்றும் சொன்னார். அந்தப் பணம் அன்றைக்கே கடையின் கரண்ட் பில்லுக்குப் போனது.

சாமான் கொடுக்கும் நாள் காலையில் பேனரைக் கட்ட மதரஸாவுக்குப் போனேன். முற்றத்தில் சுண்ணாம்பால் வட்டம் வட்டமாகப் போட்டு, வட்டத்துக்கு ஓர் ஆளாக நிறுத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் பைகள் அடுக்கியிருந்தன. அரிசி, எண்ணெய், பருப்பு, ரவை, சேமியா, பேரீச்சம்பழம். வாங்க வந்தவர்கள் எல்லோரும் முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழே வரை ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். கொடுக்க வந்தவர்கள் தாடைக்குக் கீழே இறக்கியிருந்தார்கள். அந்த வருஷம் ஊர் முழுக்க அப்படித்தான் நடந்தது. நோய் கொடுக்கிறவர்களை ஒன்றும் செய்யாது என்று ஒரு நம்பிக்கை.

நான் ஒரு முக்காலி மேல் ஏறி, பேனரின் மேல் கயிற்றைக் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தேன். கீழே ஜமாத் செயலாளர் மைக்கில் பட்டியலை வாசிக்க ஆரம்பித்தார். ஒவ்வொருவராக வந்தார்கள். பிரான்ஸ் பாய் பையின் ஒரு காதைப் பிடிப்பார், வந்தவர் இன்னொரு காதைப் பிடிப்பார். செயலாளரின் மச்சான் செல்போனைத் தூக்கி, "மாஸ்க்கை எறக்குங்க, முகம் தெரியணும்" என்பார். வந்தவர் இறக்குவார். "பையைப் பாக்காதீங்க, இங்க பாருங்க" என்பார். படம் எடுத்த பிறகுதான் பிரான்ஸ் பாய் தன் பக்கத்துக் காதை விடுவார். ஏழு பேர் இப்படிப் போனார்கள்.

எட்டாவதாக வந்தவர் இடியாப்பக்கார அக்கா. பையின் காதைப் பிடித்தார்.

"மாஸ்க்கை எறக்குங்கம்மா."

அக்கா இறக்கவில்லை.

"அம்மா, முகம் தெரியல."

"எதுக்குத் தெரியணும்?" என்றார் அக்கா. சத்தமாக இல்லை. ஆனால் மைக் பக்கத்திலேயே இருந்ததால் தெருவுக்கே கேட்டது.

"குடுத்ததுக்கு ஒரு அத்தாட்சி வேணும்ல?"

"யாருக்கு? அல்லா பாத்துட்டான். இந்த போன்ல வேற யாரு பாக்கணும்?"

செயலாளர் நடுவில் வந்தார். "சின்ன விசயம்மா இது. எல்லாரும் எறக்கறாங்க இல்ல?"

"போட்டோ வேணும்னா அரிசி உங்ககிட்டயே இருக்கட்டும் பாய். நான் இடியாப்பம் வித்தவ. மூஞ்சிய விக்கல."

பிரான்ஸ் பாய் பையின் காதைப் பிடித்தபடியே நின்றார். அக்காவும் விடவில்லை. விட்டுவிடுகிறேன் என்று சொன்னவர் பிடித்துக்கொண்டும், கொடுக்கிறேன் என்று வந்தவர் விடாமலும் நின்றார்கள். பை நடுவில் தொங்கியது. அந்த நேரத்தில் ஹஜ்ரத், எங்கள் பள்ளிவாசல் இமாம், நிழலில் இருந்து எழுந்து வந்தார்.

"பாய், வெயில் ஏறுது. எல்லாம் நோன்பு வெச்சவங்க. குடுத்து அனுப்பிடலாம்" என்றார். அவ்வளவுதான். பயான், பிரசங்கம் என்று ஒன்றும் செய்யவில்லை.

பிரான்ஸ் பாய் விட்டுவிட்டார். அக்கா பையை வாங்கிக்கொண்டு, "அல்லா உங்களுக்குப் பரக்கத் செய்யட்டும்" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் போனார். பை கனமாக இருந்தது. அதை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றார். அதற்குப் பிறகு வந்த யாரும் முகக்கவசத்தை இறக்கவில்லை. மச்சான் ஒன்றிரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு, பைகளை மட்டும் தனியாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

முக்காலி மேல் நின்று இதையெல்லாம் நான் ரசித்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அப்போது செயலாளர் மைக்கில் அடுத்த பெயரை வாசித்தார். என் பெயர். என் அத்தா பெயரோடு சேர்த்து, தெருவைச் சொல்லி, சந்தேகத்துக்கு இடமில்லாமல் வாசித்தார். வாசித்துவிட்டுக் காகிதத்தைப் பார்த்தார். பிறகு முக்காலியைப் பார்த்தார்.

"பாய், நீங்களா?"

"தப்பா எழுதிட்டாங்க போல" என்றேன். கயிறு என் கையில் இருந்தது. விட்டால் வள்ளல் தலைகுப்புற விழுவார்.

வாசலில் இருந்து அக்காவின் குரல் வந்தது. "தப்பு இல்ல தம்பி. உங்க வூட்டம்மாவும் நானும்தான் சேந்து வந்து எழுதி வெச்சோம். எறங்கி வந்து வாங்கிக்கினு போங்க. சாமானை வீணாக்காதீங்க."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் வேண்டுமென்றே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கயிற்றை முடிந்துவிட்டு இறங்கினேன். முகக்கவசம் போட்டிருந்தும் முகம் முழுக்கத் திறந்து கிடப்பது போலிருந்தது. வட்டங்களில் நின்ற எல்லோரும் தெரிந்தவர்கள். ஆனால் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் சொல்லி வைத்தாற்போலத் தரையில் சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கி வாங்கிப் பழகியவர்களுக்கு எங்கே பார்க்கக் கூடாது என்று தெரிந்திருந்தது. இத்தனை வருஷம் கொடுத்த எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிரான்ஸ் பாய் முன்னால் போய் நின்று கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். தலையைத் திருப்பிப் பேனரைப் பார்த்தார். அதே மை, அதே விரல்கள்.

"தம்பி, அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார் மெல்ல.

"அன்னிக்கு நீங்க கேக்கலியே பாய்."

பையைக் கொடுத்தார். தாடையில் கிடந்த முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். வெட்கத்தினாலா, யாரோ பின்னால் தும்மியதாலா, சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தலாம் என்றிருந்தேன். அவள் பையைப் பிரித்து, பேரீச்சம்பழத்தைப் பிள்ளைகளுக்காகக் கிண்ணத்தில் போட்டு மூடிவைத்தாள். அரிசியைப் பானையில் கொட்டினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எதைக் கத்துவது என்று மறந்துபோனது.

நான்கு நாள் கழித்து, சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு, பிரான்ஸ் பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பற்றிப் பேசினார். பிறகு சொன்னார்:

"சின்ன வயசுல நானும் அந்த முற்றத்துல நின்னவன்தான். பெருநாள் பித்ரா அரிசி வாங்க. எங்க அம்மா ஒரு தலையணை உறையைக் குடுத்து அனுப்புவாங்க. என்கூடப் படிச்சவனோட அத்தாதான் அளந்து போடுவாரு. அவனும் பக்கத்துலயே நிப்பான். அப்பவே முடிவு பண்ணினேன், ஒரு நாள் இதே எடத்துல என் மூஞ்சிய இந்த ஊரு அண்ணாந்து பாக்கணும்னு."

"பாத்தாங்க பாய்" என்றேன்.

"பாத்தாங்க. அவன் பாக்கல. அவன் செத்து ரொம்ப வருசமாச்சாம். அன்னிக்குத்தான் செயலாளர் சொன்னாரு."

ஆறு அடி முகத்தை அவ்வளவு தூரத்தில் இருந்து ஒருவருக்காகக் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை.

"என் ஜகாத்துல இன்னும் மிச்சம் இருக்கு. அரிசி நாலு வாரத்துல தீந்துடும். வேற என்ன செஞ்சா உங்களுக்கு வசதி?" என்று கேட்டார்.

நான் யோசிப்பதற்குள் கதவோரம் நின்ற மனைவி சொல்லிவிட்டாள். "ஒரு மோட்டார் வெச்ச தையல் மெஷின் பாய். வீட்டுல இருக்கற கால் மெஷின்ல ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான் தைக்க முடியுது. மாஸ்க்குக்கு ஆளுங்க வாங்கத் தயாரா இருக்காங்க. நான் தைக்கறேன்."

"பியென், நல்லது. வாங்கிடலாம்."

"ஆனா பேனர் வேணாம்."

"வேணாம், வேணாம்."

"போட்டோவும் வேணாம்."

"வேணாம்." கொஞ்சம் தயங்கினார். துண்டைச் சரிசெய்தார். "மெஷின்ல சின்னதா ஒரு ஸ்டிக்கர்?"

மனைவி அவரைப் பார்த்தாள். தலையணை உறையை நினைத்தாளோ என்னவோ. "சரி பாய். ஆனா அடிப்பக்கம்" என்றாள்.

அந்த ஸ்டிக்கரை நான்தான் அடித்தேன். கண்ணில் ஈரமெல்லாம் வைக்கவில்லை. தையல் மெஷின் பலகைக்கு அடியில், எண்ணெய் விடும்போது மட்டும் தெரிகிற மாதிரி ஒட்டினோம்.

அந்த மெஷின் எங்களைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகை இல்லை. முதலில் முகக்கவசம். பிறகு நைட்டி. பள்ளிக்கூடங்கள் திறந்ததும் யூனிஃபார்ம். உழவர்கரையில் ஒரு துணிக்கடைக்காரர் மொத்தமாகத் தைக்கக் கொடுத்தார். தேர்தல் வந்ததும் என் கடையும் எழுந்து உட்கார்ந்தது. மஞ்சள் நீராட்டு வீட்டார் ஒரு வழியாக மாமன்களைத் தேடி வந்தார்கள். நான்கில் ஒருவருடன் சண்டையாம், அவரை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்கச் சொன்னார்கள். விமானம் விட்டதும் பிரான்ஸ் பாய் தன் ஊருக்குக் கிளம்பினார். ஒவ்வொரு ரமலானிலும் வாட்ஸ்அப்பில் பேசுவார். ஜகாத்தை ஹஜ்ரத் கையில் சேர்த்துவிடச் சொல்லி அனுப்புவார். பேனரைப் பற்றி இருவருமே பேசுவதில்லை.

இந்த வருஷ ரமலானில் அவர் பேசியபோது குரல் ஒரு மாதிரியாக இருந்தது. அங்கே விலைவாசி ஏறிவிட்டதாம். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவிலேயே பென்ஷனில் பாதி போய்விடுகிறதாம். பெரிய மகளுக்கு வேலை போய்விட்டதாம், புருஷனும் விட்டுவிட்டுப் போய்விட்டானாம், இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாளாம்.

"தம்பி, ஹஜ்ரத்கிட்ட ஒரு விசயம் கேட்டுச் சொல்லுங்க. என் பேரைச் சொல்லாம கேளுங்க. ஒருத்தர் தன்னோட மகளுக்கு ஜகாத் குடுக்கலாமா?"

பெயரைச் சொல்லாமல் கேட்டேன். ஹஜ்ரத் சிரித்தார். "பெத்த மகளுக்கு ஜகாத் கூடாது. அவளைப் பாத்துக்கறது தகப்பனோட கடமை, தர்மம் இல்ல. மத்தவங்க குடுக்கலாம்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "பிரான்ஸ்ல அவ்ளோ கஷ்டமா?" என்று கேட்டார்.

பதிலை பிரான்ஸ் பாயிடம் சொன்னேன். "ஆமா, சரிதான்" என்றார். "என்னால ஆனதைக் குடுத்துட்டேன் தம்பி, பத்தல" என்றும் சொன்னார். அத்தோடு பேச்சு முடிந்திருக்கும். பக்கத்தில் நைட்டிக்கு லேஸ் வைத்துக்கொண்டிருந்த மனைவி போனை வாங்கினாள்.

"பாய், மத்தவங்க குடுக்கலாம்னு தான சொன்னாரு ஹஜ்ரத்? நாங்க மத்தவங்கதான?"

"சே சே, என்னம்மா பேசற. உங்ககிட்ட நாங்க எப்படி…"

"ஜகாத் குடுக்கற அளவுக்கு எங்ககிட்ட இல்ல. சதக்காவுக்கு அளவு கெடையாது. அந்தப் பொண்ணு நம்பர் அனுப்புங்க."

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "யாருக்கும் தெரியக் கூடாதும்மா. அங்க தெருவுல யாருக்கும். சரியா?"

"போட்டோ கூட வேணாம் பாய்" என்றாள் மனைவி.

எங்கள் சதக்காவை அந்த ஊர்க் காசாக மாற்றினால் அதிகபட்சம் நான்கைந்து நாள் ரொட்டிக்கு வரும். அதை அனுப்புவதற்கு வங்கியில் கேட்ட கட்டணத்துக்கு ஓர் ஆடே வாங்கியிருக்கலாம். பாங்க் மேனேஜர் இரண்டு முறை கேட்டார், "புதுச்சேரியில இருந்து பிரான்சுக்கா? அங்கிருந்து இங்க இல்லையா?" கடைசியில் காரைக்காலில் இருந்து அங்கே போகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்பினோம். அவரிடம் அது ஒரு துணி பாக்கெட் என்று சொன்னோம். உண்மையிலேயே மேலே அந்தப் பெண்ணின் இரண்டு பிள்ளைகளுக்கும் மனைவி தைத்த சட்டைகள் இருந்தன.

இரண்டு வாரம் கழித்து ஒரு குரல் பதிவு வந்தது. பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். பழக்கமில்லாத தமிழ். "அக்கா, கிடைச்சுது. சட்டை சரியா இருக்கு. சின்னவனுக்குக் கை மட்டும் கொஞ்சம் நீளம்." பின்னால் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. மனைவி அதை மூன்று தடவை கேட்டாள். அடுத்த தடவை கையைக் குறைத்துத் தைக்க வேண்டும் என்று அளவு நோட்டில் குறித்துக்கொண்டாள். பிறகு, யாருக்கும் தெரியக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருப்பதால், அந்தப் பதிவை அழித்துவிட்டாள்.

நான் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.